பிடில் மெட்டுக்குப் பூர்வீகம் தேடுவது எப்படி: ‘மார்லோ’ மெட்டை வைத்து ஒரு செய்முறை

இங்கிலாந்தில் மோரிஸ் என்று ஒரு கிராமத்து ஆட்டம் உண்டு. வெள்ளைச் சட்டை, முழங்காலுக்குக் கீழே கட்டிய சலங்கை, கையில் கம்பு அல்லது கைக்குட்டை, பெரும்பாலும் ஆறு பேர் ஆடுவார்கள், ஓரமாக ஒருவர் நின்றுகொண்டு பிடிலோ கான்செர்டினா என்கிற கையடக்கத் துருத்திப் பெட்டியோ வாசிப்பார். கோலாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது. சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு கம்பாட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன், மெட்டின் பெயர் ‘ரிக்ஸ் ஆஃப் மார்லோ’ என்று போட்டிருந்தது, இரண்டு வரி ஓடுவதற்குள் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் அது எனக்கு ஒன்பது வயதில் வயலின் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ‘வந்தே மீனாக்ஷி’. முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரம், அதாவது ஐரோப்பிய மெட்டுக்கு அவர் எழுதிய சமஸ்கிருதப் பாட்டு.

மார்லோ தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் ஊர். அப்படியானால் இது அந்த ஊர் மெட்டு, அங்கிருந்து கப்பலேறி மதராஸ் வந்திருக்கிறது என்று அன்று ராத்திரியே நாலு பேரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். தப்பு. அந்தத் தப்பைத் திருத்தப் போனதில் கற்றுக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கையில் வேறு ஏதாவது பழைய இங்கிலீஷ் பிடில் மெட்டு இருந்தாலும் இதே வழிதான்.

முதலில் பெயரை ஓரமாக வையுங்கள். நாட்டுப்புற மெட்டுகளில் ஒரே மெட்டுக்கு ஆறு பெயர் இருக்கும், ஒரே பெயரில் சம்பந்தமே இல்லாத நாலு மெட்டு இருக்கும். பெயரை வைத்துத் தேட ஆரம்பித்தால் நாள் முழுக்கச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள். தேட வேண்டியது மெட்டை. அதற்கு மெட்டின் கைரேகையை எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: ச ரி க ம. மேற்கத்திய நொட்டேஷனில் எழுதினால் ஒருவர் ஜி-யில் எழுதியிருப்பார், இன்னொருவர் டி-யில் எழுதியிருப்பார், பார்வைக்கு இரண்டும் வேறு மாதிரி இருக்கும். ஸ்வரமாக எழுதினால் சுருதி எதுவானாலும் எழுத்து மாறாது. மெட்டை மெதுவாக ஓடவிட்டு, தட்டு விழும் இடத்தில் வரும் ஸ்வரத்தை மட்டும் எழுதுங்கள். நடுவில் ஓடும் குட்டி ஸ்வரங்களை விட்டுவிடுங்கள். அவை வாசிப்பவரின் கைச்சரக்கு, ஆளுக்கு ஆள் மாறும். மார்லோ மெட்டில் இப்படி எடுத்தால் தொடக்கம் ‘ச க ச க’ என்று வரும். கொஞ்சம் தள்ளி அதே அசைவு ஒரு படி கீழே இறங்கி ‘நி ரி நி ரி’ என்று வரும், அந்த நி மந்திர ஸ்தாயி. மேலே ஒரு ஊஞ்சல், கீழே ஒரு ஊஞ்சல். அவ்வளவுதான் இதன் முகவெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’ தெரிந்தவர்கள் இப்போதே பாடிப் பார்க்கலாம்.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் ஏமாந்துபோவீர்கள். ச-க-ச-க என்று ஆரம்பிக்கும் மெட்டு உலகத்தில் ஆயிரம் இருக்கும், சங்கராபரணத்தில் இருப்பதெல்லாம் ஒரே பாட்டு ஆகிவிடாது. இந்த ஆட்ட மெட்டுகள் அநேகமாக இரண்டு பாகம் கொண்டவை, பாகத்துக்கு எட்டு தாள அளவு, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பார்கள். இரண்டு பாகத்துக்கும் இந்தத் தட்டு ஸ்வர எலும்புக்கூட்டை எழுதுங்கள், ஒவ்வொரு அடியும் எந்த ஸ்வரத்தில் போய் உட்காருகிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கமும் ஒத்து, அடி முடியும் இடங்களும் ஒத்து, இரண்டாம் பாகமும் ஒத்துப்போனால் உறவு என்று சொல்லலாம். முதல் பாகம் மட்டும் ஒத்தால் இன்னும் சந்தேகத்தில் வையுங்கள். ஒரு மெட்டின் முதல் பாதியையும் இன்னொன்றின் இரண்டாம் பாதியையும் ஒட்டவைத்து வாசிப்பது பிடில்காரர்களுக்குச் சர்வசாதாரணம்.

அப்புறம் அதைத் தேடுபொறிக்குப் புரியும் பாஷைக்கு மாற்ற வேண்டும். நாட்டுப்புற மெட்டுகளைக் கணினியில் தட்டச்சு செய்யவென்றே ஏபிசி குறியீடு என்று ஒரு முறை இருக்கிறது, ஸ்வரத்துக்குப் பதிலாக இங்கிலீஷ் எழுத்து, அவ்வளவுதான். ச-வை ஜி என்று வைத்துக்கொண்டால் மார்லோவின் முதல் அடி ஜி-பி-ஜி-பி, கீழே இறங்கும் அடி எஃப் ஷார்ப்-ஏ-எஃப் ஷார்ப்-ஏ. இந்த எழுத்துகளை அப்படியே உள்ளிட்டால் ஒத்த மெட்டுகளைக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. சிலவற்றில் ச-வை 1 என்று வைத்து 1 3 1 3, 7 2 7 2 என்று எண்ணாகவும் கொடுக்கலாம். பாட்டு வரிகள் உள்ளதற்கு ரவுட் எண் என்று ஒரு பெரிய அட்டவணை உண்டு, ஆனால் அது வரிகளை வைத்துப் போட்டது, வெறும் ஆட்ட மெட்டுக்கு அவ்வளவாக உதவாது.

நான் இப்படிப் போட்டவுடன் வந்து விழுந்த பெயர் ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’. மார்லோ இல்லை, மாலோ. அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் இருக்கும் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த வெந்நீர் ஊற்றுக்காகப் பணக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள், ஊற்றுத் தண்ணீர் ஒரு சாக்கு, நிஜத்தில் குடி, சீட்டு, நடனம். ரேக் என்றால் நம் ஊர் மொழியில் மைனர். அதாவது ‘மாலோ மைனர்கள்’. இங்கிலீஷ் கிராமத்தில் இது வாய்மாறி ‘ரிக்ஸ் ஆஃப் மார்லோ’ ஆகியிருக்கிறது: அறியாத ஐரிஷ் ஊருக்குப் பதிலாகப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் தெரிந்த ஊர், ரேக்குக்குப் பதிலாக ரிக், அதற்குப் பழைய பேச்சில் சேட்டை, கூத்து என்று அர்த்தம். மைனர்கள் போய் மைனர்த்தனம் மட்டும் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயர் பொருந்திவந்தால் உடனே நம்பிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். காதுக்குப் பழகிய பெயருக்கு மெட்டுகள் தாமாக இடம் மாறும்.

இனி தேதி. நம் இலக்கிய வரலாற்றுக்காரர்கள் ஒரு நூலுக்குக் கால ஆராய்ச்சி செய்யும்போது மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு கோடு போடுவார்கள். இதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது என்பது மேல் எல்லை, இதற்குள் கட்டாயம் இருந்திருக்க வேண்டும் என்பது கீழ் எல்லை. மெட்டுக்கும் அதையே செய்யுங்கள். கையில் கிடைத்த சான்றுகளிலேயே பழையது எதுவோ அதுதான் கீழ் எல்லை. கவனியுங்கள், அது மெட்டு பிறந்த வருஷம் ஆகாது. அந்த வருஷத்துக்குள் பிறந்துவிட்டது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். இணையத்தில் ‘இந்த மெட்டு 1651-இல் இயற்றப்பட்டது’ என்று எழுதியிருந்தால் அநேகமாக அதற்கு அர்த்தம் ஜான் பிளேஃபோர்ட் என்ற லண்டன் பதிப்பாளர் போட்ட நடனப் புத்தகத்தின் முதல் பதிப்பில் அது இருக்கிறது என்பதுதான். அந்தப் புத்தகம் 1651-இல் 105 நடனங்களோடு வந்தது, 1728 வாக்கில் பதினெட்டாம் பதிப்பு வரை போனது. பிளேஃபோர்ட் மெட்டுப் போட்டவர் இல்லை, ஏற்கெனவே லண்டனில் ஆடிக்கொண்டிருந்ததை அச்சடித்து விற்றவர். அதனால் ஒரு மெட்டு எந்தப் பதிப்பில் முதலில் நுழைகிறது என்று பார்ப்பது நல்ல உத்தி: ஒரு பதிப்பில் இல்லாமல் அடுத்ததில் இருந்தால், ஆட்டக்காரர்கள் நடுவில் அது எப்போது பிரபலமாகியிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பிளேஃபோர்டுக்குப் பிறகு வந்த பதிப்பாளர்கள் இன்னும் தொல்லை. 18-ஆம் நூற்றாண்டு இசைப் புத்தகங்களில் பெரும்பாலும் வருஷமே போட மாட்டார்கள். உலோகத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததால் அதே தகட்டைப் பல வருஷம் வைத்து ஓட்டலாம், வருஷம் போட்டால் சரக்கு பழசாகத் தெரியும். நம் ஊர்ப் பாட்டுப் புத்தகங்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே கடை முகவரியைப் பாருங்கள். கடைகள் இடம் மாறும், பங்காளி சேருவார், பிரிவார், செத்துப்போனால் மகன் பெயரோ மனைவி பெயரோ வரும், எந்த முகவரியில் எப்போது இருந்தார்கள் என்று ஃபிராங்க் கிட்ஸன் 1900-இலேயே ஒரு புத்தகம் போட்டுவைத்திருக்கிறார். அதோடு அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து பத்து வருஷத்துக்குள் குறுக்கிவிடலாம்.

மாலோ மெட்டு இப்படித்தான் பிடிபடுகிறது. பர்க் துமோத் என்ற புல்லாங்குழல்காரர் வெளியிட்ட ஐரிஷ் மெட்டுத் தொகுப்பில் அது இருக்கிறது. புல்லாங்குழல், வயலின், ஹார்ப்சிகார்ட் எதில் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று போட்டிருக்கும் அந்தத் தொகுப்பில் வருஷம் கிடையாது, ஆனால் லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் ஸ்வீட்டிங்ஸ் சந்தில் கடை வைத்திருந்த ஜான் சிம்ப்ஸன் அச்சிட்டது. அதனால் 1740-களில் வைக்கிறார்கள். இங்கே ஒரு தமாஷ். ‘காட் சேவ் த கிங்’ மெட்டு வரிகளோடு முதலில் அச்சான 1744-ஆம் வருஷத்துத் தொகுப்பும் இதே சிம்ப்ஸன் கடைச் சரக்குதான். அந்த மெட்டுக்கும் தீட்சிதர் ‘ஸந்ததம் பாஹிமாம்’ எழுதியிருக்கிறார். லண்டனில் ஒரே சந்தில் விற்ற இரண்டு மெட்டுகளும் கடைசியில் சாமி பாட்டாகிவிட்டன.

அச்சில் மட்டும் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும். கிராமத்து வாசிப்புக்காரர்கள் எழுதிவைத்த கையெழுத்து நோட்டுகள் இன்னொரு பாதி. நியூகாஸில் பக்கத்தில் வில்லியம் விக்கர்ஸ் என்பவர் 1770-இல் எழுதத் தொடங்கிய நோட்டில் ஏறக்குறைய 580 மெட்டு இருந்திருக்கிறது. கவிஞர் ஜான் கிளேர் பிடில்காரர், அவரும் மெட்டு நோட்டு வைத்திருந்தார். நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் தாத்தாவும் அப்பாவும் கோயிலில் வாசித்த கையோடு கல்யாண வீட்டு ஆட்டத்துக்கும் வாசித்தவர்கள். இந்த மாதிரி ஆட்கள் நோட்டின் ஒரு முனையிலிருந்து கோயில் பாட்டு எழுதுவார்கள், நோட்டைத் தலைகீழாகத் திருப்பி மறுமுனையிலிருந்து ஆட்ட மெட்டு எழுதுவார்கள் என்று ஹார்டியே சொல்லியிருக்கிறார். ஸ்கேன் செய்த நோட்டைப் பார்க்கும்போது கடைசிப் பக்கங்களையும் கட்டாயம் பாருங்கள், படம் தலைகீழாக இருக்கிறதே என்று மூடிவிடாதீர்கள். எழுத்துப்பிழையைப் பொருட்படுத்த வேண்டாம், அவர்கள் காதில் விழுந்தபடி பெயர் எழுதியவர்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியும் உதவும், 1794-க்குப் பிறகு இங்கிலீஷ் காகிதத்தில் வருஷமே நீர்க்குறியாக வர ஆரம்பித்தது. நீர்க்குறியில் இருக்கும் வருஷத்துக்கு முன்னால் அந்தத் தாளில் யாரும் எழுதியிருக்க முடியாது, ஆகவே அது அந்தக் கையெழுத்துக்கு மேல் எல்லை.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது நாடகக் கொட்டகை. நம் கம்பெனி நாடகப் பாட்டுகள் தெருவுக்கு வந்த மாதிரியே அங்கேயும் நடந்தது, தெருவில் இருந்த மெட்டு மேடைக்குப் போனதும் நடந்தது, எது எந்தப் பக்கம் போனது என்பதில்தான் சண்டை. ‘பிரின்சஸ் ராயல்’ என்ற மோரிஸ் மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1796-இல் லண்டன் கோவன்ட் கார்டன் மேடையில் ‘அரெதூசா’ என்று ஒரு கப்பல் சண்டைப் பாட்டு வந்தது, 1778-இல் அதே பெயருள்ள இங்கிலீஷ் போர்க்கப்பல் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதிய கதை. இசை வில்லியம் ஷீல்ட். அதனால் மெட்டும் ஷீல்டுடையது, கிராமத்து ஆட்டக்காரர்கள் நாடகத்தில் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள் என்று நம்பினார்கள். ஷீல்ட் பிறந்தது 1748-இல். அந்த மெட்டோ 1730-ஐ ஒட்டி வந்த நடனப் புத்தகத்திலேயே ‘பிரின்சஸ் ராயல்’ என்ற பெயரில் இருக்கிறது. கதை முடிந்தது, ஷீல்ட் தொகுத்துக் கொடுத்தவர் மட்டும்தான். அங்கேயும் நிற்கவில்லை, அயர்லாந்துக்காரர்கள் இது கண் தெரியாத யாழ்க் கலைஞர் கரோலன் ஒரு மெக்டெர்மாட் வீட்டுப் பெண்ணுக்காகப் போட்டது என்கிறார்கள். அப்படி எழுதிவைத்த எட்வர்ட் பன்டிங், 1792-இல் பெல்ஃபாஸ்ட் யாழ் விழாவில் பத்தொன்பது வயதுப் பையனாக உட்கார்ந்து மெட்டுகளைக் குறித்தவர். கரோலன் இறந்தது 1738-இல். அதாவது சாட்சியம் அரை நூற்றாண்டுக்கு மேல் தள்ளி வருகிறது, அதுவும் வாய்மொழி. நான் இதைப் பொய் என்று தள்ள மாட்டேன், ஆனால் மெட்டின் விவரம் குறிக்கும் என் அட்டையில் ‘கரோலன் இயற்றியது’ என்று எழுத மாட்டேன், ‘கரோலன் என்கிறார்கள், பன்டிங் வழியாக’ என்று எழுதுவேன்.

ராஜா ராணி கதை வந்தால் மட்டும் உடனே பிறப்பு இறப்பு வருஷத்தை எடுத்துப் பாருங்கள். ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ எட்டாம் ஹென்றி எழுதியது என்று சொல்லாத ஆளே கிடையாது. ஹென்றி இறந்தது 1547, அந்தப் பெயரில் பாட்டு லண்டன் பதிப்பாளர் சங்கப் பதிவேட்டில் முதலில் ஏறியது 1580 செப்டம்பரில். நடுவே முப்பத்துமூன்று வருஷம் ராஜாவின் பாட்டை யாரும் வாயே திறக்காமல் பொத்திவைத்திருந்தார்களா?

இன்னொரு குழி, ஆட்டத்தின் வயதை மெட்டின் தலையில் கட்டுவது. மோரிஸ் ஆட்டம் பழசு, 1448-இல் லண்டன் பொற்கொல்லர் சங்கம் மோரிஸ் ஆட்டக்காரர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. அதற்காக இன்று மோரிஸில் ஆடும் மெட்டெல்லாம் 1448-ஐச் சேர்ந்தது ஆகுமா? ஆட்டக்காரர்கள் அவ்வப்போது எது ஊரில் ஓடுகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். நையாண்டி மேளத்தில் நேற்று வந்த சினிமாப் பாட்டு கேட்பதில்லையா, அந்த மாதிரி.

கடைசியாகச் சேகரித்தவர் யார் என்று பாருங்கள். மார்லோ மெட்டு அச்சேறிய கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1899 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்தில் ஹெடிங்டன் குவாரி என்ற செங்கல் சூளைக் கிராமத்து ஆட்கள் மோரிஸ் ஆட வருகிறார்கள். அது ஆட்டத்துக்கான காலமே இல்லை, அவர்கள் ஆடுவது மே ஜூன் வாக்கில் வரும் விட்சன் பண்டிகைக்கு. அந்தக் குளிரில் கட்டட வேலை நின்றுபோய்க் கையில் காசில்லை, அதனால் வந்தோம் என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னார்களாம். மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த இசை வாத்தியார் செசில் ஷார்ப் அதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். கான்செர்டினா வாசித்த வில்லியம் கிம்பர் ஒரு கொத்தனார். மறுநாள் அவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி ஷார்ப் ஐந்து மெட்டைக் குறித்துக்கொள்கிறார், அதில் ஒன்று நம் ‘ரிக்ஸ் ஆஃப் மார்லோ’. 1907-இல் ஷார்ப் போட்ட மோரிஸ் புத்தகம் வழியாக அது ‘இங்கிலீஷ் பாரம்பரிய மெட்டு’ என்று நாடு முழுக்கப் போய்விட்டது.

சேகரித்தவர் போட்ட அச்சுப் புத்தகத்தோடு நின்றுவிடாமல் அவர் கைப்படக் குறித்த நோட்டைத் தேடுங்கள். புத்தகத்தில் பியானோவுக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தியிருப்பார்கள், நோட்டில்தான் வாசித்தவரின் கோணல் இருக்கும். ஷார்ப்பின் நோட்டுகள் கேம்பிரிட்ஜ் கிளேர் கல்லூரியில் இருக்கின்றன, லண்டனில் செசில் ஷார்ப் இல்லத்தில் உள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் தளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். வாசித்த வாத்தியம் எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடில்காரர்கள் ஜி, டி, ஏ என்று காலித் தந்திகள் கூடவே ஒலிக்கும் சுருதிகளை விரும்புவார்கள். அதற்கு முன் மோரிஸுக்கு வாசித்த மூன்று ஓட்டைக் குழலுக்கு எட்டும் ஸ்தாயி குறைவு, மெட்டு மேலே போகும் இடத்தில் மடங்கிக் கீழே வந்துவிடும். ஒரே மெட்டின் இரண்டு வடிவம் வேறு மாதிரி இருந்தால் காரணம் ஊராக இல்லாமல் வாத்தியமாகவும் இருக்கலாம்.

மதராஸ் கிளைக்கும் இதே கணக்குத்தான். தீட்சிதர் குடும்பம் மணலியில் இருந்த காலத்தில் ஜார்ஜ் கோட்டைப் பக்கம் ஐரோப்பிய வாத்தியக் குழுவைக் கேட்டார்கள், தம்பி பாலுசுவாமி அங்கேதான் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றார். சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல், நாற்பதை ஒட்டிய நொட்டுஸ்வரங்கள் அதன் விளைவு. தீட்சிதர் எட்டயபுரத்தில் இறந்தது 1835-இல், ஆகவே ‘மாலோ மைனர்கள்’ மெட்டு மதராஸுக்கு வந்ததற்குக் கீழ் எல்லை அது. ஷார்ப் கிம்பரிடம் கேட்டதற்கு அறுபத்துநாலு வருஷம் முந்தியது. ஹெடிங்டன் கொத்தனாரின் மெட்டுக்கு எட்டயபுரத்துச் சாட்சி அதைவிடப் பழசு என்றால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது.

எல்லாம் சேர்ந்ததும் ஒரு மெட்டுக்கு ஒரு அட்டை போடுங்கள். மேலே ஸ்வர எலும்புக்கூடு. அதன் கீழே பழையதிலிருந்து புதியதுக்கு ஒவ்வொரு வரி: வருஷம், ஊர், என்ன பெயரில், அச்சா கையெழுத்தா வாய்மொழியா, யார் சொன்னது. ‘பிறப்பிடம்’ என்று ஒரு கட்டம் போடாதீர்கள், போட்டால் அதை நிரப்பக் கை துறுதுறுக்கும். என் அட்டை இப்படி இருக்கிறது: 1740-கள், லண்டன் அச்சு, மாலோ பெயரில். 1835-க்குள், தீட்சிதர், மீனாட்சி பெயரில். 1899, ஹெடிங்டன், கிம்பர் கான்செர்டினாவில், மார்லோ பெயரில். பேனாவில் எழுதாதீர்கள், பென்சில் போதும். இந்த அட்டையில் முதல் வரியை நானே மூன்று தடவை அழித்து எழுதியிருக்கிறேன், அழித்த இடத்தில் ‘தேம்ஸ்’ என்று இன்னும் லேசாகத் தெரிகிறது.